22 பாகையிலும் நடுங்கும் குஞ்சுகள்

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் இலங்கையை ஒட்டிக் கடந்து போன நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்து விழுந்தன. பெரும்பாலும் மாடுகள், அவற்றோடு ஆடுகளும் எருமைகளும். கால்நடை வைத்தியர்கள் சொன்ன காரணம் குளிர். அந்தச் சமவெளியில் உறைபனி விழுவதில்லை. மழையில் ஊறிய உடம்பின் மேல் இராப்பகலாகக் காற்று அடித்தது, அவ்வளவுதான் நடந்தது. நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள மாடே அதைத் தாங்கவில்லை என்றால், நாற்பது கிராம்கூடத் தேறாத கோழிக்குஞ்சு என்ன செய்யும்?

சபரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் குஞ்சு வளர்க்கிறவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி இது. நுவரெலியாவைப் பற்றிப் பேசுவதுபோல இந்தப் பக்கத்தைக் குளிர்ப் பிரதேசம் என்று யாரும் சொல்வதில்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் மழைக்கால இரவிலும் 22 பாகை செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். பலாங்கொடைக்கு மேலேயும் இறக்குவானை மலைப்பக்கத்திலும் இன்னும் கொஞ்சம் இறங்கும். மனிதருக்கு ஒரு போர்வை போதும். புதிதாகப் பொரித்த குஞ்சுக்கோ முதல் வாரத்தில் 32 முதல் 35 பாகை வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். ஆக, முதல் வாரத்தில் பத்துப் பாகைக்கும் மேலான வெப்பத்தை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும்.

தாய்க்கோழி இருந்தால் இந்தக் கவலை பாதி குறையும். அதன் உடல் வெப்பம் 41 பாகைக்கு மேல். அடைகாக்கும் காலத்தில் அதன் வயிற்றுப் பக்கத்தில் இறகு உதிர்ந்து தோல் வெளியே தெரியும்; அந்தச் சூடு நேராகக் குஞ்சின் மேல் படும். எப்போது இறக்கைக்குள் சேர்க்க வேண்டும், எப்போது மேய விட வேண்டும் என்று அதற்குத் தெரியும். மெஷினில் பொரித்து அட்டைப் பெட்டியில் வந்து சேரும் குஞ்சுக்கு அந்த வேலையை வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும். தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் திறன் குஞ்சுக்கு வந்து சேர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை மேலே இருப்பது வெறும் பஞ்சு. காய்ந்திருக்கும்போது காற்றைப் பிடித்து வைத்துக் காப்பாற்றும். நனைந்தால் தோலோடு ஒட்டிப்போய் ஒன்றுக்கும் உதவாது.

குஞ்சுக்குக் குளிர்கிறதா என்று பார்க்க வெப்பமானி வேண்டியதில்லை. கையில் எடுத்து அதன் பாதத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் போதும். சில்லென்று பட்டால் சூடு போதவில்லை. பெட்டிக்குள் அவை நிற்கும் விதமும் சொல்லும். விளக்குக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். ஓரங்களுக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு கூடிவிட்டது. எல்லாம் ஒரே மூலையில் ஒதுங்கினால் எதிர்ப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது. பரவலாக நின்று தின்பதும் தூங்குவதுமாக இருந்தால் சரியாக இருக்கிறது. குளிர் பட்ட இரவுக்கு மறுநாள் காலையில் கிடைக்கும் செத்த குஞ்சுகளில் பல, சூட்டுக்காகக் குவிந்து அடியில் நசுங்கி மூச்சு முட்டியவை. உயிர் தப்பியதும் முழுசாகத் தப்பியதாகச் சொல்ல முடியாது. பொரித்த முதல் இரண்டு மூன்று நாளைக்கு வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் அதற்குச் சாப்பாடு. குளிர் பட்டால் அது சரியாக உறிஞ்சப்படாது. பின்புறத்தில் எச்சம் காய்ந்து அடைத்துக்கொள்ளும், வளர்ச்சி தேங்கும்.

லயத்து வீடுகளில் வழக்கமான ஏற்பாடு எளிமையானது. இஸ்தோப்பு மூலையில் ஒரு அட்டைப் பெட்டி, அடியில் மரத்தூள், மேலே தொங்கும் ஒரு பல்ப். டங்ஸ்டன் கம்பி எரியும் பழைய 60 வாட் பல்ப், தின்னும் கரண்டில் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியே விட்டது. ஒரு குஞ்சுக்கு இரண்டு வாட் என்ற கணக்கில் முப்பது குஞ்சைக் காப்பாற்றியது. எல்.இ.டி. பல்ப் அப்படியில்லை. கரண்ட் செலவு குறைவு, வெளிச்சம் தாராளம், சூடு மட்டும் போதாது. வெளிச்சம் இருக்கிறதே என்று நம்பிக் குஞ்சுகளை அதன் கீழ் விடுவது கண் எதிரே நடக்கும் தவறு.

அந்தப் பழைய பல்ப் இருந்தாலும் கரண்ட் இருக்க வேண்டுமே. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கைக் குஞ்சுக்கு விளக்கெரிக்கக் கொடுக்க எந்தக் குடும்பத்தால் முடியும்?

கரண்டும் எண்ணெயும் இல்லாத இடத்தில் கரிச்சட்டி கைகொடுக்கும். மண்சட்டியில் கனிந்த கரியைப் போட்டுச் சாம்பலால் மூடி, குஞ்சு அண்டாதபடி சுற்றிலும் கம்பிவலை வைப்பார்கள். சூடு மெதுவாக, நீண்ட நேரம் வரும். ஆனால் கரியிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காற்றோட்டமில்லாத லயக் காம்பராவுக்குள் அதை வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தால் குஞ்சோடு மனிதர் உயிரும் போகும். இஸ்தோப்பைத் தாண்டி உள்ளே கொண்டுபோகவே கூடாது. எத்தியோப்பியாவில் சிறு விவசாயிகளுக்காகப் பரிசோதித்துப் பரப்பிய வைக்கோல் பெட்டி இதைவிடப் பாதுகாப்பானது. பெட்டியின் நான்கு சுவரிலும் மேல்மூடியிலும் வைக்கோலை அடைத்து நடுவில் குஞ்சுகளை விடுவார்கள். அவற்றின் உடற்சூடே வெளியே போகாமல் தங்கும். மூச்சுவிடக் காற்றுத் துளை மட்டும் மறக்கக் கூடாது. வைக்கோல் கிடைக்காத தோட்டத்தில் காய்ந்த மானாப்புல்லும் அந்த வேலையைச் செய்யும்.

வெளியே விடும் நாளை வயதை மட்டும் எண்ணித் தீர்மானிப்பது சரிப்படாது. நான்கு வாரம் முடிந்த குஞ்சுக்கும் முதுகிலும் நெஞ்சிலும் பஞ்சு தெரியலாம். இறக்கைகள் மட்டும் முன்னதாக வளர்ந்து ஏமாற்றும். வயிற்றுப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து அங்கேயும் இறகு மூடியிருந்தால்தான் தயார். பெரும்பாலும் ஐந்து, ஆறு வாரம் பிடிக்கும். அதற்கு ஒரு வாரம் முன்பே பகலில் பல்பை அணைத்துப் பழக்க வேண்டும், பிறகு இரவிலும். முதல் நாட்களில் வெளியே ஒரு மணி நேரம் போதும். புல்லில் பனி காய்ந்த பிறகு விட்டு, மழைக்கு முன்னால் அடைத்துவிட வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் இந்தப் பக்கத்து இடிமழை பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான் இறங்கும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேல் பருவமழைக்கு அப்படி நேரம் காலம் கிடையாது. சபரகமுவவில் ஓரளவு காய்ந்த மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும். இரவுக் குளிர் அப்போதுதான் அதிகம். ஆனாலும் தரை காய்ந்திருக்கும், குஞ்சு நனையாது; இரவுக் குளிரைக் கூட்டுக்குள் சமாளித்துக்கொள்ளலாம்.

அந்தக் கூடு தரையிலிருந்து உயர்ந்து நிற்க வேண்டும். மழை அடிக்கும் பக்கம் சாக்குப் படுதா, எதிர்ப் பக்கம் கம்பிவலை. கீரிப்பிள்ளையும் மரநாயும் நுழைய முடியாத அளவுக்கு வலையின் கண் சிறிதாக இருக்கட்டும். குளிருக்குப் பயந்து நான்கு பக்கமும் பொலித்தீனால் இறுக்கிக் கட்டுவது பெரிய கேடு. எச்சத்திலிருந்து எழும் அமோனியா கண்ணையும் மூச்சையும் எரிக்கும், ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியில் போட்ட தூள் நசநசக்கும். காற்று குஞ்சின் மேல் படாமல் அதன் தலைக்கு மேலே ஓட வேண்டும். கூரையை ஒட்டி ஒரு சாண் இடைவெளி விட்டால் இது நடக்கும்.

ஈரத் தூளில்தான் இரத்தக் கழிச்சலும் பெருகுகிறது. எச்சத்தோடு வரும் கிருமிமுட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சைத்தான் அது அதிகம் தாக்கும். வெளியே விடும் வாரங்களும் அவையே. இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும் குஞ்சைக் குளிர் என்று விட்டுவிடாமல் எச்சத்தைப் பார்க்க வேண்டும். இரத்தம் கலந்திருந்தால் அன்றே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போக வேண்டும். ராணிகெட் நோய்க்குத் தடுப்பூசி உண்டு. வெளியே விடுமுன் அதைப் போட்டு முடித்திருக்க வேண்டும்.

வாழ்வாதார உதவியாக ஒரு மாதக் குஞ்சுகளைக் கொடுக்கும் வழக்கம் நாட்டில் இருக்கிறது. பல்ப் தேவைப்படும் வாரங்களைக் கடந்த குஞ்சைக் கொடுப்பது நல்ல யோசனை. ஆனால் ஒரு மாதக் குஞ்சுக்கு இறகு முழுசாக மூடியிருக்காது. மே கடைசியில் அதை வாங்கும் குடும்பம் அடைமழையில்தான் வெளியே விட வேண்டியிருக்கும். சபரகமுவத் தோட்டங்களுக்கான குஞ்சுப் பெட்டிகள் ஜனவரியில் வந்து இறங்கட்டும். கூட்டுக்குத் தேவையான கம்பிவலையையும் அவற்றோடு சேர்த்தே கொடுக்கட்டும்.