பழைய சேலை... புதுப் போர்வை... பாவம் உங்கள் கழுத்து!

உங்கள் பீரோவின் அடித்தட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். கட்டவும் முடியாமல், தூக்கிப் போடவும் மனசு வராமல் நாலைந்து சேலைகள் கிடக்கும். அம்மா கட்டிய சுங்குடி, முதல் சம்பளத்தில் வாங்கிய கைத்தறி, தலைப்பு கிழிந்த செட்டிநாட்டுக் கட்டம்... பாத்திரக்காரரிடம் போடக் கை வருமா? வராது!

இந்தச் சேலைகளை மடித்து, அடுக்கி, கையாலேயே தைத்துப் போர்வையாக்கும் பொழுதுபோக்கு பல வீடுகளில் இருக்கிறது. தோள்வலி, கழுத்துவலி என்று என்னிடம் வருகிற பெண்மணிகள் சிலர், "போர்வை தைக்கிறேன் டாக்டர்... விட்டுடணுமா?" என்று பயந்துகொண்டே கேட்பதுண்டு. விட வேண்டாம். தாராளமாகத் தையுங்கள். எவ்வளவு தைக்கிறீர்கள், எப்படித் தைக்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கந்தையில் பிறந்த கலை

நம் ஊரில் பிறந்த குழந்தைக்கு விரிப்பும் தூளியும் பழைய பருத்திச் சேலைதான். பல தடவை துவைத்த துணியின் மென்மை புதுத்துணிக்குக் கிடையாது. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்தார்கள். அதற்குப் பெயர் ‘காந்தா’. நம் ‘கந்தை’க்கு எவ்வளவு நெருக்கம், பாருங்கள்! கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் ‘கவந்தி’ என்ற ஒட்டுத்துணிப் போர்வையை ஓரத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்து ஒரு பூ வைப்பார்கள்.

சந்தோஷமும் எரிச்சலும்

ஒரே மாதிரி ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போகும்போது மூச்சு சீராகிறது. அலைபாய்கிற மனசு ஊசிமுனையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு வெறும் வீட்டில் இருப்பவர்கள், நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்கள் எல்லோருக்கும் இது நல்ல துணை.

எரிச்சலுக்கும் குறைவில்லை. நூல் சிக்கும். ஊசிக் காது கண்ணுக்குத் தெரியாது. அடுக்குகள் நகர்ந்து நடுவில் சுருக்கம் விழும். சிவப்புச் சேலையின் சாயம் முதல் துவைப்பிலேயே வெள்ளைக்கு ஏறும். இது போதாதென்று வீட்டுக்காரர் வேறு, "கடையில 500 ரூபாய்க்குக் கிடைக்குதே, எதுக்கு இந்த அவஸ்தை?" என்பார். கடைசியில் பாதி தைத்த மூட்டை பரணுக்குப் போய்விடும்.

ஒரு சின்னக் கணக்கு

ஐந்தரை மீட்டர் சேலையை மூன்றாக மடித்தால் 6 அடி நீளம், சுமார் 45 அங்குல அகலத்தில் ஒற்றைப் போர்வை. அரை அங்குல இடைவெளியில் வரிசை போட்டால் 90 வரிசை. அதாவது 540 அடி தையல். அங்குலத்துக்கு 4 தையல் என்றால் ஏறக்குறைய 26 ஆயிரம் தையல்கள்! அத்தனைக்கும் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஊசியை இறுக்கிப் பிடித்தாக வேண்டும். இதை ஒரு வாரத்தில் முடிக்க நினைத்தால் கை சும்மா இருக்குமா?

58 வயது அம்மா ஒருவர், மகளின் பிரசவத்துக்குள் போர்வையை முடித்துவிட வேண்டும் என்று தினமும் ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். மறைந்துபோன தன் தாயாரின் சேலை அது. "மூணு விரல் மரத்துப் போகுது டாக்டர். ராத்திரி எழுந்து கையை உதறினாத்தான் தூக்கமே வருது" என்றார். மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதன் அறிகுறி இது. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு உள்ளவர்களுக்கு இது எளிதில் வரும். நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பி உறுதி செய்துகொண்டோம். இரவில் மணிக்கட்டுக்குப் பட்டை, சில வாரம் ஊசிக்கு ஓய்வு. மரப்பு குறைந்த பிறகு தினம் 2 வரிசை மட்டும். பேத்தி பிறந்து மூன்று மாதம் கழித்துத்தான் போர்வை முடிந்தது. அதனால் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை!

அடக்கக் கூடாத வேகங்கள்

சித்த மருத்துவம் 14 வேகங்களைச் சொல்கிறது. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், கொட்டாவி, இளைப்பு எல்லாம் அதில் அடக்கம். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது விதி. தையலில் உட்கார்ந்தவர் என்ன செய்கிறார்? "இன்னும் ஒரே ஒரு வரிசை" என்று சிறுநீரை அடக்குகிறார். பசியைத் தள்ளிப் போடுகிறார். கொட்டாவி வந்தாலும் எழுந்திருப்பதில்லை. உடம்பு கூப்பிட்டால் ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்து விடுங்கள். போர்வை எங்கேயும் ஓடிப்போகாது.

தைக்க உட்காரும் முன்...

* தரையில் குனிந்து தைக்காதீர்கள். முதுகு சாய்கிற நாற்காலி, மடியில் ஒரு தலையணை. துணி கண்ணை நோக்கி உயரட்டும், கழுத்து துணியை நோக்கிக் குனிய வேண்டாம்.
* பகல் வெளிச்சமே நல்லது. 40 வயதைத் தாண்டியவர்கள் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.
* 20 நிமிடத்துக்கு ஒரு முறை தூரத்தில் உள்ள மரத்தையோ மாடியையோ பாருங்கள். கண்ணை நன்றாக மூடித் திறங்கள். விரல்களை விரித்து மடக்குங்கள்.
* விரல் தொப்பி கட்டாயம். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி குத்தினால் வலி தெரியாமலே புண்ணாகிவிடலாம்.
* ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள்.
* நாள்பட்ட துணியைத் துவைத்து, வெயிலில் காயவைத்த பிறகே தொடுங்கள். ஆஸ்துமாக்காரர்களுக்குப் பழந்துணித் தூசி ஆகாது. சாயம் போகிற துணியையும் இப்போதே ஒதுக்கிவிடலாம்.
* தோள்பட்டை பிடித்துக்கொண்டால் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, இளஞ்சூட்டில் ஒற்றடம் கொடுங்கள். தோல் மரத்துப் போனவர்களுக்குச் சூட்டு ஒற்றடம் வேண்டாம்.
* விரல் மரப்பு, பிடிமானக் குறைவு, கைக்கு இறங்கும் வலி இருந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள்.

பாப்பாவுக்கா தைக்கிறீர்கள்?

அந்துருண்டை போட்டு வைத்திருந்த சேலை வேண்டவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பச்சிளம் குழந்தைக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். ஒரு வயது வரை, தூங்கும் குழந்தையின் அருகில் தடித்த போர்வை போடாதீர்கள். மூக்கை மூடிவிடும் ஆபத்து உண்டு. விழித்திருக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்க, தரையில் விரித்து விளையாட விடலாம்.

எங்கள் வைத்தியத்தில் ஒரு மண்டலம் மருந்து சாப்பிடச் சொல்வோம். 48 நாள். ஒரே நாளில் அத்தனையையும் விழுங்கச் சொல்வதில்லை. மேலே சொன்ன 90 வரிசையைத் தினம் இரண்டாகப் போட்டால் 45 நாள். ஓரம் மடித்துத் தைக்க 3 நாள். சரியாக ஒரு மண்டலம்! பரணில் பாதியில் கிடக்கிற மூட்டையை இறக்குங்கள். இன்றைக்கு இரண்டே வரிசை, போதும்.