எது போனால் எல்லாம் நிற்கும்?

ஓர் இயந்திரத்தில் 100 பாகங்கள். ஒவ்வொன்றும் பழுதில்லாமல் ஓட 99 சதவீத வாய்ப்பு. நூறும் ஓடினால்தான் இயந்திரம் ஓடும் என்றால், அது ஓடும் வாய்ப்பு 37 சதவீதத்தைக்கூடத் தொடாது. எல்லாவற்றையும் உயர்ந்த ரகமாக மாற்றக் காசு யாரிடமும் இல்லை. முதலில் எதில் கை வைப்பது?

அடிக்கடி மக்கர் பண்ணுவதில்தான் நாம் கை வைப்போம். பெரும்பாலும் அது தவறான இடம். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற இரண்டு மோட்டார்கள். ஒன்று ஓடினாலே போதும். இரண்டுக்கும் மின்சாரம் ஒரே பேனல் போர்டு வழியாக வருகிறது. மோட்டார் ஒவ்வொன்றின் நம்பகம் 90 சதவீதம், பேனலுடையது 95 என்று வைத்துக்கொள்வோம். சங்கக் கூட்டத்தில் திட்டு வாங்குவதெல்லாம் மோட்டார்தான். பேனல் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பிர்ன்பாம் என்ற கணிதவியலர் 1969இல் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். ஒரு பாகம் நிச்சயம் ஓடுகிறது என்று வைத்து மொத்த அமைப்பின் நம்பகத்தைக் கணக்கிடுங்கள். அது செத்துவிட்டது என்று வைத்து மறுபடி கணக்கிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அந்தப் பாகத்தின் முக்கியத்துவம். ஒரு மோட்டார் ஓடினால் 95, செத்தால் 85.5, வித்தியாசம் 9.5. பேனல் ஓடினால் 99, செத்தால் பூஜ்யம், வித்தியாசம் 99. செலவு செய்து ஒரு மோட்டாரை 90இலிருந்து 95க்கு உயர்த்தினால், தண்ணீர் ஏறும் வாய்ப்பு 94இலிருந்து 94.5 ஆகும், அவ்வளவுதான். பேனலை 98க்கு உயர்த்தினால் 97 ஆகிவிடும்.

இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. ஒரு மோட்டார் போவதற்கும் மற்றது போவதற்கும் சம்பந்தமில்லை என்று அது நம்புகிறது. மோட்டார் அறைக்குள் மழைவெள்ளம் புகுந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் போய்விடும். வரைபடத்தில் இரண்டாக இருப்பது நிஜத்தில் ஒன்றாக இருக்கலாம்.

சேலஞ்சர் விண்ஓடத்தின் பூஸ்டர் இணைப்புகளில் இரண்டு ரப்பர் வளையங்கள் இருந்தன. ஒன்றுக்கு மற்றது மாற்று என்ற கணக்கில் அந்த இணைப்பை ‘1ஆர்’ என்று நாசா வகைப்படுத்தியிருந்தது. அழுத்தத்தில் இணைப்பு விரியும்போது இரண்டாவது வளையம் கைகொடுக்காமல் போகலாம் என்று தெரிந்ததும், 1982 டிசம்பரில் மாற்றே இல்லாத ‘1’ வகைக்கு மாற்றினார்கள். மாற்றிவிட்டுப் பறக்கவும் விட்டார்கள். 1986 ஜனவரி 28, கடுங்குளிர். வளையங்கள் இரண்டும் கைகொடுக்கவில்லை. கிளம்பிய 73ஆவது நொடியில் விண்ஓடம் சிதறி ஏழு பேர் போனார்கள்.

டிசி-10 விமானத்தில் இரண்டல்ல, மூன்று. இறக்கைகளிலும் வாலிலும் உள்ள அசையும் பலகைகளை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்றும் தனித்தனி. ஒன்றின் திரவம் மற்றதில் கலக்காது. ஆனால் மூன்றின் குழாய்களும் வாலில், நடு எஞ்சினுக்கு அருகிலேயே ஓடின. 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232 விமானத்தில் அந்த எஞ்சினின் விசிறித் தட்டு வெடித்தது. டைட்டானியத்தை உருக்கும்போதே விழுந்த ஒரு குறை, ஆண்டுக்கணக்கில் விரிசலாக வளர்ந்திருந்தது. சிதறிய துண்டுகள் பட்டு மூன்று அமைப்புகளின் திரவமும் வடிந்துபோனது. மூன்றும் சேர்ந்து போகாது என்று நம்பியதால், அப்படிப் போனால் என்ன செய்வது என்று விமானிகளின் கையேட்டிலும் இல்லை. மிஞ்சிய இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். இருந்தவர்கள் 296 பேர். 112 பேர் இறந்தார்கள்.

அதன்பிறகு செய்த திருத்தங்களில் ஒன்று, மூன்றாவது அமைப்பின் குழாயில் பொருத்திய ஓர் அடைப்பு வால்வு. திரவம் குறையத் தொடங்கினால் அது மூடிக்கொள்ளும். வாலில் குழாய் அறுந்தாலும் முன்பக்கத்துத் திரவம் வடியாமல் நிற்கும். அதை வைத்து விமானத்தை ஓரளவாவது திருப்ப முடியும்.