எஜமானைத் தின்றதா ஃபாக்ஸி?

கோடை பிறந்துவிட்டால் இங்கிலாந்துக்காரர்களுக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். முதுகில் ஒரு பை, கையில் சாண்ட்விச், கூடவே ஒரு நாய்... கிளம்பிவிடுவார்கள் மலைக்கு! வீட்டில் யார் வராவிட்டாலும் பரவாயில்லை, நாய் வந்தாக வேண்டும்.

அப்படிப் போகிறவர்களுக்குச் சொர்க்கம், வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட். பெயரே சொல்கிறது, ஏரிகளின் பிரதேசம். அங்கே ஹெல்வெலின் என்று ஒரு மலை. உயரம் 950 மீட்டர். 'ப்பூ, இவ்வளவுதானா?' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அந்த நாட்டில் மூன்றாவது பெரிய சிகரம் இதுதான். ஆளை விழுங்கவும் தெரிந்த மலை.

அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் கிளென்ரிடிங் என்ற கிராமம். அங்கிருந்து மூச்சு வாங்க ஏறினால் ஸ்ட்ரைடிங் எட்ஜ் வரும். மலைக்கு முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு பாறை வரப்பு. இந்தப் பக்கமும் பள்ளம், அந்தப் பக்கமும் பள்ளம். வலது பக்கம் எட்டிப் பார்த்தால் கீழே 'ரெட் டார்ன்'. டார்ன் என்றால் மலை மடியில் கிடக்கிற சின்ன ஏரி. வரப்பு முடிகிற இடத்தில் ஒரு பாறை இடுக்கு வழியாகக் கைகாலை ஊன்றி இறங்க வேண்டும். நமக்குக் கை இருக்கிறது, நாய்க்கு? பல நாய்கள் அந்த இடத்தில் எஜமானர் கையில் குழந்தை மாதிரி தொங்கிக்கொண்டுதான் இறங்குகின்றன.

இதைத் தாண்டி உச்சியைத் தொடும் இடத்தில் ஒரு நினைவுக்கல். 1890-ல் வைத்தது. ஒரு மனிதனுக்கும் அவன் நாய்க்கும் சேர்த்து!

மனிதன் பெயர் சார்லஸ் காஃப். மான்செஸ்டர் ஓவியர். 1805 ஏப்ரலில் ஃபாக்ஸி என்ற தன் பெண் நாயுடன், இந்த மலையைத் தாண்டி கிராஸ்மியர் போகக் கிளம்பினார். போய்ச் சேரவில்லை. மூன்று மாதம் கழித்து, ஜூலை 27-ம் தேதி, ரெட் டார்ன் பக்கம் நாய் குரைக்கிற சத்தம் ஒரு மேய்ப்பன் காதில் விழுந்தது. போய்ப் பார்த்தான். ஓர் எலும்புக்கூடு. பக்கத்தில் உயிரோடு ஃபாக்ஸி! இடையில் அது குட்டி வேறு போட்டிருந்தது; குட்டி பிழைக்கவில்லை.

தொப்பி இரண்டாகப் பிளந்து கிடந்ததால், மேலே வரப்பிலிருந்து விழுந்திருப்பார் என்று முடிவு செய்தார்கள். அங்கே கிடைத்த சாமான்கள்: தங்கக் கடிகாரம், வெள்ளிப் பென்சில், தூண்டில் இத்யாதி. பி.காம். படித்த தோஷம், பட்டியலைப் பார்த்தால் விட்டுப்போன அயிட்டம்தான் முதலில் கண்ணில் படுகிறது. வழி தெரிந்த துணை ஆள் ஒருவரும் இல்லை!

பத்திரிகைகள் சும்மா இருக்குமா? 'நாய்தான் எஜமானைத் தின்றுவிட்டது' என்று கார்லைல் பத்திரிகை ஒன்று எழுதிவிட்டது. அதே 1805-ல் கவிஞர்கள் வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும், விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியும் சேர்ந்து இந்த மலையில் ஏறினார்கள். கவிஞர்கள் இருவரும் ஆளுக்கொரு கவிதை பாடி ஃபாக்ஸியை விசுவாசத்தின் சிகரமாக்கிவிட்டார்கள். 1829-ல் லாண்ட்சீர் ஓவியமாகவே தீட்டிவிட்டார். தின்ற சமாச்சாரம்? மூச்!

என்னைக் கேட்டால், இரண்டு கட்சியுமே ஃபாக்ஸிக்கு அநியாயம் செய்தன. ஏப்ரல், மே என்பது அங்கே ஆடுகள் குட்டி போடும் காலம். செத்த குட்டிகள் மலையில் கிடக்கும். பிணத்தைக் கொத்த அண்டங்காக்கைகளும் உண்டு. ஃபாக்ஸி எதைத் தின்றிருந்தாலும் சரி, வயிற்றில் குட்டியோடு அதை அங்கே கூட்டிப்போனது யார் சார்? அதைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரி எழுதக் காணோம்.

இன்றைக்குச் சட்டம் கொஞ்சம் கண் விழித்திருக்கிறது, நாய்க்காக அல்ல, ஆட்டுக்காக. பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட மலை நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில்தான் பிடித்துப் போக வேண்டும். குட்டி ஆடுகளும், தரையில் கூடு கட்டும் பறவைகளும் இருக்கும் காலம் அது. நாய் ஆட்டைக் கடித்துக் குதறும்போது வேறு வழியில்லையென்றால் விவசாயி துப்பாக்கியைத் தூக்கலாம். சட்டம் அவர் பக்கம்தான்.

கோடையில் வேறு தொல்லைகளும் உண்டு. நமக்கு மாதிரி நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். தண்ணீரைப் பார்த்ததும் தொபுக்கடீர் என்று குதிக்கும். ஆனால் கீழே உள்ள ஏரிகளில் கோடையில் நீலப்பச்சைப் பாசி படர்வதுண்டு. அந்தத் தண்ணீரைக் குடித்த நாய் செத்தே போகலாம். கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் படிக்க வேண்டியது கயிற்றின் இந்த முனையில் இருப்பவர்தான்.

மலையில் தொலைந்தவர்களைத் தேட இப்போது லேக் டிஸ்ட்ரிக்டில் பயிற்சி பெற்ற நாய்களே இருக்கின்றன. வேலைக்கு எடுக்குமுன் ஒரு பரீட்சை வைப்பார்கள். ஆட்டு மந்தைக்கு நடுவே விட்டால் ஆடுகளைச் சட்டை செய்யக்கூடாது. அதில் பாஸானால்தான் மேற்கொண்டு. அப்புறம் காற்றில் மனித வாடை பிடித்து, ஆளைக் கண்டுபிடித்து, ஓடிவந்து குரைத்துச் சொல்ல வேண்டும்.

ஃபாக்ஸியும் குரைத்துத்தான் சொன்னது. மேய்ப்பன் காதில் விழத்தான் ஜூலை ஆகிவிட்டது.