வயிற்றுப் புண்ணும் நுண்கிருமியும்

வயிற்றுப் புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்று நெடுங்காலம் நாம் எண்ணி வந்தோம். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்னும் மருத்துவர்கள் இரைப்பையில் வாழும் ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்னும் கிருமியைப் பிரித்து வளர்த்தனர். புண்கள் பலவற்றுக்கு அதுவே காரணம் எனக் காட்டியமைக்காக 2005இல் நோபல் பரிசு பெற்றனர்.

இக்கிருமி இரைப்பையின் சளிப் படலத்தில் குடியேறுகிறது. உடலின் காவற்படையான வெள்ளணுக்கள் அதனை எதிர்த்து விரைகின்றன. ஆயினும் கிருமி அழிவதில்லை. ஓயாத இப்போரினால் இரைப்பையின் உட்சுவரே அழற்சியுறுகிறது. பலருக்குத் தொல்லை தோன்றாது. சிலருக்குப் புண்ணும், மிகச் சிலருக்குப் புற்றுநோயும் உண்டாகும்.

ஆகவே, நாள்பட்ட வயிற்று வலிக்குச் சோடா உப்பையே நம்பியிராமல் ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுதல் வேண்டும். வலி நின்றாலும் மருந்தைக் குறித்த நாள்வரை உட்கொள்ள வேண்டும். பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வாய்வழித் தொற்றும் இக்கிருமியைத் தடுக்கத் தூய குடிநீரும் கழிப்பிடமும் அமைப்பது பஞ்சாயத்துகளின் கடமையாகும்.