மெர்மெய்ட் அவென்யூவின் மாப்பிள்ளை

அப்பா விட்டுச்சென்ற காகிதக் கட்டுகளை நோரா கத்ரி 1990களில் ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 3,000 பாட்டுகள். வேலைநிறுத்தப் பாட்டு, புழுதிப் புயல் பாட்டு, குழந்தைப் பாட்டு எல்லாம் அதில் இருந்தன. அவற்றுக்கு நடுவே ஹனுக்காப் பாட்டுகளும் கிடைத்தன. யூதர்கள் டிசம்பரை ஒட்டி எட்டு இரவுகள் விளக்கேற்றிக் கொண்டாடும் பண்டிகைக்கு, ஓக்லஹோமாவில் பிறந்த, யூதரல்லாத ஒரு கன்ட்ரிப் பாடகர் எழுதியவை. சொற்கள் இருந்தன, பெரும்பாலானவற்றுக்கு மெட்டு இல்லை. அந்த அப்பா, வுடி கத்ரி, இசைக்குறிப்பு எழுதப் பழகாதவர். மெட்டு அவர் தலைக்குள் இருந்தது. 1967 அக்டோபர் 3ஆம் தேதி அவரோடே போயிற்று.

வுடி என்றதும் உலகம் நினைப்பது, 1940இல் அவர் எழுதிய 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' பாட்டைத்தான். அவரை நாட்டுப்புறப் பாடகர் என்றும், போராட்டப் பாடகர் என்றும் எழுதுவார்கள். ஆனால் அவர் பிழைப்புக்குப் பாடத் தொடங்கியது கன்ட்ரி இசையை. அந்தக் காலத்தில் அதை 'ஹில்பில்லி' என்பார்கள். 1937இல் லாஸ் ஏஞ்சலஸில் கேஎஃப்விடி வானொலியில் மாக்ஸின் கிரிஸ்மன் என்ற பெண்ணோடு சேர்ந்து பாடினார். புழுதிப் புயலாலும் கடனாலும் நிலம் இழந்து, கலிஃபோர்னியாவுக்குப் பழம் பறிக்க வந்த ஓக்லஹோமாக்காரர்கள், ஊர்க்குரல் கேட்கிறதே என்று அந்த நிகழ்ச்சிக்குக் காத்திருந்தார்கள். 'திஸ் லேண்ட்' பாட்டின் மெட்டே கார்ட்டர் குடும்பம் என்ற கன்ட்ரிக் குழுவின் பழைய பக்திப் பாட்டிலிருந்து வந்ததுதான்.

அந்த வானொலி நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் ஒரு சொல்லை அவர் ஒலிபரப்பில் சர்வசாதாரணமாகப் பயன்படுத்தினார். கறுப்பினத்தவரான ஒரு நேயர் மனம் நொந்து கடிதம் எழுதினார். வுடி அந்தக் கடிதத்தை ஒலிபரப்பிலேயே வாசித்து மன்னிப்புக் கேட்டார். அவர் பிறந்த ஊரான ஓக்கீமாவின் அருகே, அவர் பிறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1911இல், ஒரு கறுப்பினத் தாயையும் மகனையும் கும்பல் ஒன்று பாலத்தில் தூக்கிலிட்டிருந்தது. பின்னாளில் அந்தக் கொலையைப் பற்றியும் பாட்டு எழுதினார். பிற சமூகத்தாரின் வலியைக் கேட்கக் கற்றுக்கொண்ட ஒருவர்தான் பிற்பாடு பிற சமூகத்தாரின் பண்டிகைக்குள்ளும் அவ்வளவு இயல்பாக நுழைந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த வழியைத் திறந்தவர் மார்ஜரி. மார்த்தா கிரஹாம் குழுவின் நடனக் கலைஞர், யூதக் குடும்பத்துப் பெண். இருவரும் 1945இல் மணந்துகொண்டு, நியூயார்க்கின் கோனி ஐலண்டில் மெர்மெய்ட் அவென்யூவில் குடியிருந்தார்கள். கடற்கரை, ராட்டினங்கள், மீன் கடைகள், தெருவெங்கும் புலம்பெயர்ந்தோரின் பல மொழிகள். மார்ஜரியின் அம்மா அலீசா கிரீன்பிளாட்டும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தார். அவர் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷில் எழுதிய கவிஞர். அவருடைய 'ஃபிஷர்லீட்' என்னும் மீனவன் பாட்டு இன்றும் பாடப்படுகிறது.

இந்த மாமியாரும் மாப்பிள்ளையும் ஒருவர் எழுதியதை மற்றவருக்குப் படித்துக்காட்டிப் பேசிக்கொள்வார்கள். ஒருவர் யித்திஷில் எழுதுபவர். மற்றவர் ஓக்லஹோமா பேச்சு மாறாத ஆங்கிலத்தில் எழுதுபவர். மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர் கேட்ட யூத வரலாறும் பண்டிகைக் கதைகளும் 1940களின் இறுதியில் பாட்டாயின.

ஹனுக்காவின் கதை கி.மு. 164ஐச் சேர்ந்தது. எருசலேம் ஆலயத்தைச் சிரிய மன்னன் அந்தியோக்கு தீட்டுப்படுத்தினான். மக்கபேயர் என்ற சிறு கூட்டம் எதிர்த்துப் போரிட்டு ஆலயத்தை மீட்டது. விளக்கேற்ற ஒரு நாளைக்கான தூய எண்ணெய்தான் மிச்சமிருந்தது. அது எட்டு நாள் எரிந்தது என்பது மரபு. அதனால் முதல் இரவு ஒரு மெழுகுவர்த்தி, இரண்டாம் இரவு இரண்டு என்று எட்டு வரை ஏற்றுவார்கள். மற்றவற்றை ஏற்றிவைக்க 'ஷமாஷ்' என்று ஒன்று தனியாக உண்டு. அதையும் எண்ணினால் எட்டு இரவுக்கு 44 மெழுகுவர்த்தி. எண்ணெயின் நினைவாகத் துருவிய உருளைக்கிழங்கை அடையாகத் தட்டிப் பொரிப்பார்கள். குழந்தைகள் நாலு பக்கமும் எழுத்து பொறித்த பம்பரம் விடுவார்கள். கையில் காசு கிடைக்கும்.

வுடி இவற்றில் எதையும் விடவில்லை. பம்பரத்துக்கு ஒரு பாட்டு, காசுக்கு ஒன்று, நடனத்துக்கு ஒன்று, சுடருக்கு ஒன்று. 'ஹேப்பி ஜாயஸ் ஹனுக்கா' குழந்தைகள் எண்ணிக்கொண்டே பாடுவதற்கு. 'தி மெனி அண்ட் தி ஃபியூ' மட்டும் வேறு ரகம். மக்கபேயர் கதை முழுவதையும் பழைய கதைப்பாடல் முறையில், அவசரமில்லாமல், பல சரணங்களில் சொல்வது. எண்ணிக்கையில் சிறியவர்கள் பெரும்படையை எதிர்த்து நின்ற கதை, புழுதிப் புயல் அகதிகளைப் பாடியவருக்கு அந்நியமாக இருந்திருக்காது. இதையும் நடனப் பாட்டையும் மோசஸ் ஆஷ் என்ற பதிவாளருக்காக அவர் பாடிப் பதிந்திருக்கிறார். அதனால் இவற்றில் அவர் குரலே கிடைக்கிறது. ஜோடனை இல்லாத, கொஞ்சம் வறண்ட, பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிற குரல்.

இந்தப் பாட்டுகளை நான் வெறும் பண்டிகைக் கும்மாளமாகக் கேட்க முடியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. வுடியின் குடும்பத்தைத் தீ விடாமல் துரத்தியது. அக்கா கிளாரா 1919இல் தீக்காயத்தால் இறந்தாள். 1927இல் அப்பா படுகாயம் அடைந்தார். 1947 பிப்ரவரியில், மெர்மெய்ட் அவென்யூ வீட்டில் பற்றிய தீயில் செல்ல மகள் கேத்தி, நான்கு வயது முடிந்த சில நாட்களில் இறந்துபோனாள். அவர் தன் குழந்தைப் பாட்டுகள் பலவற்றை எழுதியதே அவளுக்காகத்தான். அதன்பின் ஓரிரு ஆண்டுகளில், அடுத்து பிறந்த பிள்ளைகளுக்காக, சுடரைச் சுற்றி ஆடச்சொல்லும் பாட்டுகளை எழுதியிருக்கிறார். அந்த வீட்டில் முதல் மெழுகுவர்த்தியைக் கொளுத்தும்போது அந்தத் தாய் தகப்பன் மனதில் என்ன ஓடியிருக்கும்!

பிறகு நோய் வந்தது. அவருடைய அம்மாவைக் கொண்டுபோன அதே ஹண்டிங்டன் நோய். நரம்பைத் தின்று, கையையும் பேச்சையும் மெல்ல மெல்லப் பறிக்கும் பரம்பரை வியாதி. 1950களின் நடுவிலிருந்து மருத்துவமனையே வாழ்க்கை. கித்தார் பிடித்த விரல்கள் ஓய்ந்தன. மணவிலக்குப் பெற்ற பிறகும் மார்ஜரிதான் பார்த்துக்கொண்டார். வுடி இறந்ததும் அந்த நோய்க்காக ஓர் அமைப்பையே தொடங்கினார். வுடியின் சாம்பலைக் கோனி ஐலண்ட் கடலில் கரைத்தார்கள்.

மெட்டில்லாத பாட்டுகளுக்கு மறுபடி உயிர் வந்தது க்ளெஸ்மாட்டிக்ஸ் குழுவால். 1986இல் நியூயார்க்கில் தொடங்கிய இவர்கள், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாணக் கச்சேரி இசையான க்ளெஸ்மரை வாசிப்பவர்கள். நோரா அவர்களிடம் தாள்களைக் கொடுத்தார். அவர்கள் கிளாரினெட்டும் வயலினும் அக்கார்டியனும் சேர்த்து மெட்டமைத்தார்கள். இடையிடையே வுடியின் ஊர் வாசனையும் வீசவிட்டார்கள். 2006இல் ஹனுக்கா இசைத்தட்டு வந்தது. அதே ஆண்டில் கோனி ஐலண்டின் ராட்சத ராட்டினத்தின் பெயரில் வந்த 'வொண்டர் வீல்' என்ற இன்னொரு தட்டுக்குப் பின்னர் கிராமி விருது கிடைத்தது. முதலில் ஹனுக்காத் தட்டைக் கேளுங்கள் என்பேன். அதில் குழந்தைகள் குதிப்பதற்கும் இடம் இருக்கிறது, ஏக்கத்துக்கும் இடம் இருக்கிறது.

தட்டு வருவதற்கு முன்பே, 2003 டிசம்பரில், நியூயார்க்கின் 92ஆம் தெரு 'ஒய்' அரங்கில் இந்தப் பாட்டுகள் மேடையேறின. க்ளெஸ்மாட்டிக்ஸுடன் வுடியின் மகன் ஆர்லோவும் பாடினார். பாட்டுகள் எழுதப்பட்டபோது ஆர்லோ தத்தித் தத்தி நடக்கும் குழந்தை. மேடையேறியபோது அவருக்கு வயது 56. அப்பா உயிரோடு இருந்தது 55 வயது வரைதான்.