பழமொழியும் சித்திரமும்

"அரியும் சிவனும் ஒண்ணு, அறியாதவர் வாயிலே மண்ணு" என்னும் பழமொழியைக் கேளாத தமிழர் யாருளர்? பொருள் விளங்குமுன்னரே அது நம் நாவிற் படிந்துவிட்டது. சங்கரன்கோவில் வாசிகளுக்கோ அது காதாற் கேட்டது மாத்திரமன்று, கண்ணாற் கண்டதுமாகும். சிவனே பெரியன் என்று சங்கனும், திருமாலே பெரியன் என்று பதுமனும் ஆகிய இரு நாகர் வழக்கிட்டனரென்றும், அம்பிகை தவமிருந்து இருவரையும் ஓருருவிற் கண்டனளென்றும் தலபுராணம் கூறும். வலப்பாதி சிவனும் இடப்பாதி மாலுமாக அங்கு நிற்கும் சங்கரநாராயணர், அப்பழமொழியே உருவெடுத்தது போல விளங்குகின்றார். ஆடித் தபசுக்கு வந்து, புற்றுமண்ணை நெற்றியிலிட்டுத் திரும்பும் குடியானவனுக்கு, நூறு பிரசங்கங்கள் புகட்டாத சமரசத்தை அவ்வொரு வடிவம் புகட்டிவிடுகிறது.

சொல்லுக்கு வடிவம் தரும் இவ்வாற்றலை நம் குழந்தைகளுக்குப் பயிற்றுகின்றோமா? இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஒரு குடிசை, அருகில் ஓர் ஆப்பிள் பழம் என்று பிறர் எழுதியதைப் பார்த்தெழுதவே பெரும்பாலும் பழக்குகிறோம். பாட்டி சொன்ன மொழி ஒருபுறம் கிடக்க, கை வேறொருபுறம் செல்லுகிறது.

இக்குறை நமக்கு மாத்திரம் உரியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா தேசத்து யொருபா மக்கள், "பழமொழி பேச்சுக்குக் குதிரை, பேச்சுத் தொலைந்தால் அதன்மீதேறித் தேடுவோம்" என்பர். அத்தேசத்து ஜாரியா நகரிலே ஐரோப்பிய முறையில் ஓவியம் பயின்ற மாணவர் சிலர், 1958-ல் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். யொருபா ஓவியரான யூசுப் கிரில்லோ அவருள் ஒருவர். கற்ற தொழிலை அவர்கள் உதறவில்லை. தம் முன்னோரின் கதைகளுக்கும் உருவங்களுக்கும் அதனை ஏவலாளாக்கினர். 1960-ல் அந்நாடு விடுதலை பெற்றது. அரசியற் சுதந்திரத்திற்கு முன்னரே கண்ணின் சுதந்திரத்தை நாடிய அவ்விளைஞர் போற்றத்தக்கவரல்லரோ?

அவ்வழியை நம்மவரும் அறிவர். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர். நாடகத் திரைகள் தீட்டியவர். அவரும் அவருடைய மாணாக்கரும் எழுதிய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, ஏழையின் மண்சுவரிலும் இடம் பெற்றன. "காலண்டர் படந்தானே!" என்று அவற்றை இகழ்வோர், அச்சுவர் வேறெந்த ஓவியத்தை வரவேற்றதென்று கூறட்டும்.

பழையன யாவும் நல்லன என்று நாம் வாதிக்கவில்லை. பெண்ணை இழித்தும், ஒரு சாதியைப் பழித்தும் வழங்கும் பழமொழிகள் நம்மிடையே உண்டு. அவை மறைவதே நலம். எதனைத் தீட்டுவது, எதனை விடுப்பது என்று தெளிவதும் சித்திரக்காரனின் கடமையேயாகும். தூரிகையை எத்தேசத்தாரிடமிருந்தும் பெறலாம். பார்வையை இரவல் வாங்குதல் இயலாது.

ஆகவே, தேச நலம் நாடும் அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்று. இன்று மாலை உங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஒரு நல்ல பழமொழியைச் சொல்லுங்கள். கையில் ஒரு கரித்துண்டைக் கொடுங்கள். சுவர் அழுக்காகுமே என்று அஞ்ச வேண்டாம்.