மேமோகிராம் ‘நார்மல்’, ஆனால் ‘டென்ஸ்’... அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம்?

40 வயசு தாண்டியாச்சு, எதுக்கும் ஒரு தடவை பார்த்துடலாம் என்று சேலத்திலோ நாமக்கல்லிலோ மேமோகிராம் எடுக்கிறார்கள். முடிவு ‘நார்மல்’. ஃபைல் பீரோவுக்குள் போய்விடுகிறது. அதே ரிப்போர்ட்டில் இன்னொரு வரியும் இருக்கும்: மார்பகத் திசு ‘ஏ.சி.ஆர். டைப் சி’ அல்லது ‘டி’. அந்த ‘நார்மலை’ எவ்வளவு நம்பலாம் என்பதைச் சொல்வது இந்த வரிதான்.

மார்பகத்தில் கொழுப்பும் உண்டு. பால் சுரப்பிகளும் நார்த்திசுவும் உண்டு. எக்ஸ்ரேயில் கொழுப்பு கருப்பாகத் தெரியும், சுரப்பியும் நாரும் வெள்ளையாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், புற்றுநோய்க் கட்டியும் வெள்ளைதான். தார் ரோட்டில் சிந்திய ஒரு ஜவ்வரிசி சட்டென்று கண்ணில் படும். ஆத்தூர் பக்கம் களத்தில் காயும் ஜவ்வரிசிக்குள் ஒரு வெள்ளைக் கல்லைத் தேடச் சொன்னால்?

இது நோயா?

இல்லை. ஏ முதல் டி வரை நான்கு வகையில் சி, டி இரண்டும்தான் ‘டென்ஸ்’. அமெரிக்கக் கணக்குப்படி 40 வயதைக் கடந்த பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இதில் வருவார்கள். தொட்டுப் பார்த்தோ அளவை வைத்தோ இதைச் சொல்ல முடியாது. இளம் வயதிலும் ஒல்லியான உடல்வாகிலும் அதிகம். மாதவிடாய் நின்றபின் பொதுவாகக் குறையும். ஆனால் டி வகை கட்டியை மறைப்பதோடு நிற்பதில்லை, புற்றுநோய் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ‘பை-ராட்ஸ்’ என்று 0 முதல் 6 வரை வரும் எண் வேறு, இந்த எழுத்து வேறு. எண் 0 என்றால் ‘ஒன்றுமில்லை’ என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில், ‘இந்தப் படம் போதாது, இன்னும் பார்க்கணும்’ என்றுதான் பொருள்.

சட்டமே வந்தது

அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்த நான்சி கப்பெல்லோவுக்கு வருடக்கணக்கில் மேமோகிராம் ‘நார்மல்’ என்றே வந்தது. 2004-ல் புற்றுநோய் தெரிந்தபோது அது முற்றிய நிலை. அடர்த்தி பற்றி யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்று அவர் போராட, 2009-ல் அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. 2024 செப்டம்பர் 10 முதல் அமெரிக்கா முழுக்க அடர்த்தியைப் பெண்ணிடம் தெரிவிப்பது கட்டாயம். இந்தியாவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கேட்டால்தான் சொல்வார்கள். அதனால் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து என்ன டெஸ்ட்?

ஜப்பானில் 40களில் இருந்த சுமார் 73,000 பெண்களிடம் நடந்த ஆய்வில், மேமோகிராமுடன் அல்ட்ராசவுண்டும் சேர்ந்தபோது புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் திறன் 77 சதவீதத்திலிருந்து 91 ஆக உயர்ந்தது. கூடவே வீண் பயமும், தேவையில்லாத பயாப்ஸியும் கூடின. மிக அடர்த்தியான மார்பகம் உள்ளவர்களுக்கு எம்.ஆர்.ஐ. இன்னும் கூர்மையானது என்று நெதர்லாந்து ஆய்வு 2019-ல் காட்டியது. செலவுதான் இடிக்கும். எல்லோருக்கும் கூடுதல் ஸ்கேன் தேவையா என்பதில் நிபுணர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் வந்திருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

நம்மூரில் ஸ்கேன் என்றாலே கர்ப்பிணிகளுக்கானது என்ற நினைப்பு உண்டு. மார்பக ஸ்கேனும் அதே வகை மெஷின்தான், புரோப் மட்டும் வேறு. கதிர்வீச்சும் கிடையாது.

மெஷினுக்கு முன்னால்...

பள்ளிபாளையம் தறிப் பட்டறையிலோ நாமக்கல் கோழிப்பண்ணையிலோ வேலை செய்யும் பெண்ணுக்கு இந்த ஏ, பி, சி, டி எல்லாம் ரொம்பத் தூரம். தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழகத்தில் மார்பகப் பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் 5.6 சதவீதம்தான். அரசு வழிகாட்டுதல்படி 30 முதல் 65 வயது வரை, 5 ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவர்கள் கையால் பரிசோதிக்க வேண்டும். சாதாரண விஷயமாகத் தோன்றலாம். ஆனால் மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1,51,538 பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து நடத்திய ஆய்வில், 2 ஆண்டுக்கு ஒருமுறை நடந்த கைப்பரிசோதனையால் 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை.

கையில் கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, தோல் சுருங்கினாலோ, மேமோகிராம் ‘நார்மல்’ என்றாலும் விடக் கூடாது. அல்ட்ராசவுண்ட் கேட்க வேண்டும். அன்றைக்கு அக்குளில் பவுடர் போடாமல் போகணும். அதுவும் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். பழைய ஃபிலிம், சிடி இருந்தால் கையோடு எடுத்துப் போகலாம். போன தடவை இல்லாத ஒன்று இப்போது இருக்கிறதா என்றுதான் ரேடியாலஜிஸ்ட் முதலில் தேடுவார்.